அரை மணி நேரத்தில் நிறைந்த வாளி

என் அப்பாவைப் போல மீன் பிடிக்கத் தெரியாத ஒருவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் தினமும் போனார் என்பதுதான் கொடுமை. அதைவிடக் கொடுமை, தினமும் என்னையும் கூட அனுப்பினாள் அம்மா.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். சேரன்மகாதேவிக்கு மேற்கே எங்கள் ஊர். அப்பாவுக்கு அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை. நாலு மணிக்கு வேலை முடிந்து வருவார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கீழே வைப்பதற்குள் அம்மா தூண்டிலையும் வாளியையும் என் கையில் திணித்துவிடுவாள். இருட்டும்வரை வாய்க்கால் கரையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்து, அவரைக் கூட்டிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். எனக்கோ உதவித்தொகைத் தேர்வுக்கு மூன்றே வாரம் இருந்தது. எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான். இந்தத் தேர்வில் தேறாவிட்டால் நானும் மூட்டைக்குத்தான் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

அப்பா குடியை விட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. அது எனக்கும் தெரியும். ஏழாம் வகுப்பைத் தாண்டியவன் மறுபடி ஏழாம் வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை அல்லவா, குடியை விடுவதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு தக்கை அவருடையது. சின்னக் கெண்டை கொத்தினால் அது அசையவே அசையாது. முள்ளோ விராலுக்குப் போடுகிற பெரிய முள். போதாததற்கு அப்பாவின் கை எந்நேரமும் லேசாக நடுங்கும். கம்பு நடுங்கி, நூல் நடுங்கி, தக்கையும் நடுங்கும். மீன் கொத்துகிறதா, அப்பா நடுங்குகிறாரா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தக்கையைச் சீவலாம், சின்ன முள் வாங்கலாம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "தண்ணியப் பாருலே."

அவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். முள்ளில் இரையாகக் கோத்த மாவு கரைந்து வெறும் முள் தொங்கினாலும் பார்ப்பார். வாத்து மேய்க்கிறவர் ஒருவர் தினமும் அந்த வழியாகப் போவார். "அண்ணாச்சி தெனமும் மீனுக்குச் சோறு போடுதாவ, புண்ணியம் சேரும்" என்று சொல்லிவிட்டுப் போனார் ஒரு நாள். அப்பா சிரித்தார். எனக்கு மானம் போயிற்று.

வெறும் வாளியோடு வீட்டுக்கு வந்தால் அம்மாவாவது நாலு வார்த்தை கேட்பாளா என்றால், அவளும் சிரிப்பாள். கிடைக்காவிட்டால் கிடக்கட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பாள். மறுநாள் மைதா மாவில் மஞ்சள் பொடி போட்டு, பதமாகப் பிசைந்து வைத்திருப்பாள். எனக்குத் தோசை சுடக்கூட அவ்வளவு அக்கறையாக மாவு கரைத்ததில்லை.

பொறுத்துப் பார்த்து, ஒரு சனிக்கிழமை மதியம் நானே காரியத்தில் இறங்கினேன். ஆட்டுக்கு வைத்திருந்த தவிட்டையும் பிண்ணாக்கையும் பிசைந்து உருண்டை பிடித்து, அப்பா தூண்டில் போடுகிற இடத்தில் இரண்டு மூன்று தடவை போட்டேன். தக்கையைப் பிளேடால் பாதியாகச் சீவினேன். பெட்டிக்கடையில் சின்ன முள் வாங்கி மாற்றிக் கட்டினேன். சீக்கிரம் மீன் மாட்டினால் சீக்கிரம் வீடு, சீக்கிரம் புத்தகம். இதுதான் என் கணக்கு.

கணக்கு பிசகவில்லை. சாயங்காலம் நூல் தண்ணீரில் விழுந்ததும் தக்கை உள்ளே போயிற்று. கெண்டை, மறுபடி கெண்டை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலேபி. அப்பா சின்னப் பையனைப் போலச் சத்தமாகச் சிரித்தார். அரை மணி நேரத்தில் வாளி நிறைந்துவிட்டது.

"போதும்லாப்பா? போவோமா?" என்றேன்.

அப்பா நிமிர்ந்து வெயிலைப் பார்த்தார். பொழுது நிறையக் கிடந்தது. நூலைக் கம்பில் சுற்றி என்னிடம் தந்தார். கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"நீ கொண்டு போயி அம்மைட்ட குடு. படிக்கணும்னு சொன்னேல்லா. நான் பைய வாரேன்."

அவர் பாலத்துப் பக்கம் திரும்பினார். பாலத்தைத் தாண்டினால் மதுக்கடை. அதுவும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அப்பாவுக்கு முதல்முறையாக என் படிப்பு நினைவுக்கு வந்துவிட்டது என்ற பூரிப்பில், அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அம்மா வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வாளியைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அப்பா எங்கலே?"

"பைய வாரேன்னாவ. என்னப் படிக்கச் சொன்னாவ."

அவள் கண் என் கையிலிருந்த தூண்டிலுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் வாளியைப் பார்த்தாள். தவிடு போட்டது, முள் மாற்றியது எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன்.

"இம்புட்டையும் இவ்வளவு வெரசாப் பிடிக்கணும்னு ஒன்ட்ட ஆருலே கேட்டா?"

மடியிலிருந்த தட்டு சரிந்து புகையிலைத் தூள் கொட்டியது. அள்ளக்கூட நிற்காமல், செருப்பில்லாமல் பாலத்தைப் பார்த்து ஓடினாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து வாரம் வெறும் வாளியைப் பார்த்துச் சிரித்தவளுக்கு, நிறைந்த வாளியைக் கண்டதும் என்ன வந்தது? புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, இந்த மீனைக் கழுவிப் பொரிக்க வேண்டும் என்ற நினைப்பு இந்த வீட்டில் ஒருவருக்குமே இல்லையே என்று பொருமியபடி உட்கார்ந்திருந்தேன்.