கண்ணில் ஊற்றிய குடிதண்ணீர்

எங்கள் கொட்டகை வரிசைக்கே குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஒரே காலையில் தரையில் ஊற்றித் தீர்த்தவள் நான்தான். அதைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசியாகிவிட்டது. நான் நாலு பேருக்கு முன்னால் பேசுகிறவள் இல்லை, நாக்கு ஒட்டிக்கொள்ளும். அஞ்சாம் வகுப்பு எழுத்து கையில் மிச்சம் இருப்பதால் எழுதுகிறேன்.

கட்சால் தீவில் சுனாமியில் கடல் ஏறி வந்து போனபிறகு எங்களைத் தகரக் கொட்டகைகளில் வைத்திருந்த காலம் அது. கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. கூரையிலிருந்து வழிகிற மழையைப் பெரிய டிரம்மில் பிடித்துக் குடித்தோம். மழை இல்லாத மாசியில் வீட்டுக்கு ஒரு குடம் என்று கட்டு. டிரம் மூடியின் மேல் ஒரு கல் இருக்கும். கங்காணி சொல்லாமல் அந்தக் கல்லை யாரும் நகர்த்தக் கூடாது. ரப்பர் தோட்டத்து வேலையில் அவர் மேஸ்திரிதான், ஆனால் சிலோனிலிருந்து கொண்டுவந்த பழக்கம், எங்கள் வாயில் கங்காணிதான்.

நானும் என் நாத்தனாரும் வரிசைக்குப் பின்னால் இருந்த சின்னக் கொட்டகையில் ரப்பர் பாலைத் தட்டில் உறைய வைக்கிற வேலை பார்த்தோம். அவளுக்கு வாய் அதிகம். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள், என்னையும் ஏசிவிடுவாள். சின்ன வயதில் முள் குத்தி அவள் இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள், பிள்ளை வளர்த்தாள், ஊர் வம்பெல்லாம் பார்த்தாள்.

பால் உறையாமல் இருக்க அமோனியா, உறைய வைக்க ஆசிட். ஒன்றின் வேலையை ஒன்று கெடுக்கும். இது எங்கள் ஜனத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு வந்த வினையே அதுதான்.

ஆசிட் கேன் வெயிலில் கிடந்திருக்கிறது. மூடி இறுகியிருந்ததால் நாத்தனார் பால் வெட்டுகிற கத்தியை விட்டு நெம்பினாள். உள்ளே அடைந்திருந்த காற்றோடு ஆசிட் பீச்சி அவள் முகத்தில் அடித்தது, நல்ல கண்ணிலேயே. அவள் கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“மதினி, எனக்கு எதுவும் தெரியல. மதினி, எங்க இருக்க?”

சத்தம் கேட்டுக் கங்காணி ஓடி வந்தார். வந்தவர் நேராக அமோனியா கேனிடம் போய்த் தகர டம்ளரில் கொஞ்சம் ஊற்றித் தண்ணீர் கலந்தார்.

“புடிச்சுக்க அவள. ரெண்டு சொட்டு விட்டா ஆசிட்டு முறிஞ்சிரும்.”

அவர் கெட்டவர் இல்லை. பதறித்தான் வந்தார். ஆனால் அந்த அமோனியா மூடியைத் திறந்தாலே எட்ட நிற்கிறவள் கண்ணிலும் தண்ணீர் கொட்டும். முகாமில் ஒரு நர்ஸ் சிஸ்டர் முதலுதவி சொல்லிக்கொடுத்தபோது நான் கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். கண்ணில் எது விழுந்தாலும் “சிர்ஃப் பானி”, வெறும் தண்ணீர் மட்டும். நிறைய, நிறுத்தாமல்.

நான் டம்ளரைத் தட்டிவிட்டேன்.

“ஏம்மா, பைத்தியமா உனக்கு? ஆசிட்டுக்கு அமோனியாதான எதிரி?”

“அவ கண்ணு என்ன தட்டுல ஊத்துன பாலா, கங்காணியாரே?”

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. நாத்தனாரை இழுத்துக்கொண்டு போய் டிரம் பக்கத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், வலது கண் கீழே இருக்கிற மாதிரி. ஆசிட் கழுவின தண்ணீர் மற்ற கண்ணுக்கும் மூக்குக்கும் போகக் கூடாது. கல்லை உருட்டித் தள்ளினேன். இமையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்து, மூக்கு ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சொம்பு சொம்பாக ஊற்றினேன்.

“விடு மதினி, கொல்லாத.”

“கத்திக்க. கண்ண மட்டும் மூடாத.”

பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி, “தாய்ப்பால் விட்டா குளுந்துரும், பச்சப்புள்ளக்காரிய கூப்புடவா?” என்றாள். வேண்டாம் என்றேன். இன்னொருத்தி டிரம்மை எட்டிப் பார்த்தாள். “போதுமே அக்கா. அடி தெரியுது. எங்க புள்ளைங்க என்னத்தக் குடிக்கும்?”

“எரிச்சல் கொறஞ்சிருச்சு, விடு” என்று நாத்தனாரும் சொன்னாள். குறைந்ததாகத் தோன்றினாலும் நிறுத்தக் கூடாது, அரை மணி நேரமாவது ஊற்ற வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் ஊற்றினேன். அவளுக்கு வாய் திரும்பிவிட்டது.

“கொழம்பு ஒரு கரண்டி கேட்டா மூஞ்சியச் சுளிப்ப. இன்னைக்கு என்னமா அள்ளி ஊத்துற.”

கை மரத்துப்போனது. டிரம் காலியானது. கடைசிக் குடத்தைத் தோட்டத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு டிஸ்பென்சரி போகிற வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போனேன்.

டாக்டர் சாப் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீரைத் தவிர வேறு என்ன விட்டீர்கள் என்று இந்தியில் கேட்டார்.

“குச் நஹி சாப். சிர்ஃப் பானி.”

மேலாகத்தான் புண் இருக்கிறது, ஆறிவிடும், பார்வை போகாது என்றார். மருந்து போட்டுக் கட்டிவிட்டார்.

மறுநாள் விடியும்போதே நாலாவுக்கு நடந்தேன். அந்த நன்னீர் ஓடை காட்டுக்குள் தூரத்தில் இருந்தது. தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகத் தண்ணீர் சுமந்து வந்து டிரம்மில் ஊற்றினேன். மழை வரும்வரை சுமந்தேன். தப்புச் செய்ததற்காக இல்லை, பிள்ளைகள் குடிக்க வேண்டும் என்பதற்காக. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையைக் கூட்டினார்கள். கங்காணி எழுந்து, “பொதுத் தண்ணிய ஒருத்தரையும் கேக்காம கொட்டுனதுக்கு ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டுப் போகட்டும்” என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது கட்டுப் பிரித்த கண்ணோடு நாத்தனார் பின்னாலிருந்து எழுந்தாள். இரண்டு தடவை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“கங்காணியாரே, வயித்துக்கிட்ட ஒரு பட்டனக் காணோமே. வீட்டுல ஊசி நூல் இல்லையா?”

அவர் குனிந்து பார்த்தார். பட்டன் இல்லைதான். கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நானும் எழுந்துவிட்டேன். “மன்னிப்புக் கேக்க மாட்டேன். நாளைக்கு இன்னொருத்தர் கண்ணுல விழுந்தாலும் ஊத்துவேன். பால் கொட்டகையில ஒரு கேன் தண்ணி எப்பவும் நெறஞ்சு இருக்கணும். அது குடிக்கறதுக்கு இல்ல, கை கழுவறதுக்கு இல்ல.”

கேனை அன்றைக்கே வைத்தேன். அதன் மூடியில் நான் கல் வைக்கவில்லை.