ஏழாம் அறையின் இடதுபக்கச் சுவர்

அந்த முதியோர் குடியிருப்பில் 'பளிச்சு' என்றால்தான் அவளைத் தெரியும். பதினோரு வருடமாக முப்பத்திரண்டு அறைகளையும் கழுவித் துடைப்பவள். சுவரில் ஒரு கறை இருந்தால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. வீட்டில் மகள்கூடக் கிண்டல் செய்வாள்: "அம்மா, என் நிழலையும் துடைச்சிடாத!"

ஏழாம் அறை டெய்லரம்மா ஒரே மாதத்தில் இரண்டு முறை குளியலறையில் விழுந்துவிட்டார். இன்னொரு தடவை விழுந்தால் மாடியில் படுக்கை வார்டுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். தையல் மெஷினும் ஜன்னலுமாக இருந்த அறை கைவிட்டுப் போகுமே என்ற பயத்தில், டெய்லரம்மா குளிப்பதையே தள்ளிப்போட ஆரம்பித்தார்.

குளியலறைகளில் கைப்பிடிக் கம்பி பொருத்திய தச்சருக்குக் கோபம். "எல்லா ரூம்லயும் ஒரே அளவுல கம்பி அடிச்சிருக்கேன். அதைப் பிடிச்சுக்கலைன்னா நான் என்ன பண்றது?"

"கம்பி அங்க இருக்குய்யா. என் கை அங்க போகமாட்டேங்குதே," என்றார் டெய்லரம்மா.

பளிச்சுவுக்குச் சுருக்கென்றது. கம்பிக்கு இரண்டு சாண் தள்ளி, இடதுபக்கச் சுவரில், தினமும் சோப்புக்கை காய்ந்த வெள்ளைத்தடம் ஒன்று இருக்கும். அதைத் தேய்த்துத் தேய்த்து அழித்தவள் அவளேதான்.

"நான் வாசல்லயே நிக்கறேன், நீங்க குளிங்கம்மா," என்று தைரியம் சொன்னாள். நான்கு நாள் அந்தச் சுவரைத் தொடவில்லை. கை பரபரத்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் தச்சரை இழுத்துவந்து காட்டினாள். ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு கைத்தடம், எல்லாம் ஒரே இடத்தில்.

"என்ன பளிச்சு, உடம்பு சரியில்லையா? சுவர் இப்படிக் கிடக்கு?" என்று சிரித்தவர், உற்றுப் பார்த்ததும் அளவுநாடாவை எடுத்தார்.

டெய்லரம்மா விடவில்லை. "எல்லாருக்கும் ஒரே அளவுல தைச்சிருந்தா என் கடைக்கு எவன் வந்திருப்பான் தச்சரே?"

அன்று மாலையே தடம் இருந்த இடத்தில் கம்பி ஏறியது. இரண்டு மாதம் ஒரு சறுக்கல்கூட இல்லை. ஏழாம் அறையிலேயே இருக்கலாம் என்று மேலாளர் எழுதிக் கொடுத்தார்.

டெய்லரம்மா பளிச்சுவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "உனக்கு என்னடி தைச்சுத் தரட்டும்? கேளு."

"ஒண்ணும் வேணாம்மா. பதினோரு வருஷத்துல என் பேச்சைக் கேட்டு யாராவது இங்க ஒரு ஆணி அடிச்சதுண்டா? உங்களாலதான் அது நடந்துச்சு."

டெய்லரம்மா துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். கதவைத் தாழிட்டார். பளிச்சு இப்போது வாசலில் நின்று காதுகொடுக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு எட்டாம் அறைக்கு நடந்தாள்.