ஆளில்லாத ஐந்தாம் நம்பர்

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், அருணாதேவி பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். பிறந்தது புதுப்பாளையம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம். கணக்கில் பட்டம் வாங்கியவள், கல்யாணத்துக்கு அப்புறம் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்தாள். கணவன் ராமகிருஷ்ணனுக்கு வேங்கிக்காலில் அரசு அலுவலக உத்தியோகம். பெண்டாட்டி கடை வைப்பதில் அவனுக்கு வருத்தமில்லை, பயம்தான் இருந்தது. எங்கோ ஒரு ஊரில் யாரோ மிரட்டல் மெயில் அனுப்பியதற்காக சென்டர்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று பேப்பரில் படித்ததிலிருந்து தினமும் சாப்பிடும்போது அதையே சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிச் சொல்லி அந்தப் பயம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. போலீஸ் ஜீப் ரோட்டில் மெதுவாகப் போனால்கூட அது கடையைத் தாண்டும்வரை வாசலையே பார்ப்பாள்.

2005 கோடையில் ஒரு காலை, ஆனெக்கே என்ற ஹாலந்து அம்மாள் கடைக்கு வந்தார். பின் தெருவில் வாடகை அறை எடுத்துத் தங்கியிருந்தவர், வயது எழுபது இருக்கும். தினமும் வந்து மகனுக்கு மெயில் எழுதுவார். அன்று எழுத உட்காரவில்லை. அருணாதேவியின் மேசைக்கு எதிரே நின்று, உடைந்த தமிழும் இங்கிலீஷுமாக விஷயத்தைச் சொன்னார். அவர் பெயரிலேயே யாரோ மகனுக்கு மெயில் எழுதி, ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்டிருக்கிறார்கள். மகனும் அனுப்பிவிட்டான். "நீ ஜாக்கிரதையாக இரு, உன் கடைக்கு நிறைய பேர் வருகிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாள் கடைமேல் சந்தேகப்படவே இல்லை. அருணாதேவிக்குத்தான் தன் கடையிலிருந்தே நடந்திருக்குமோ என்று தோன்றியது.

கடைக்கு ஃபயர்வால் போட்டுக் கொடுத்தவன் பெரியம்மா மகன் விமல்ராஜ். பெங்களூரில் வேலை. ஒரு பழைய கணினியை அவள் மேசைக்கடியில் வைத்து, மற்ற ஆறும் அதன் வழியாகத்தான் வெளியே போய்வர வேண்டும் என்று அமைத்திருந்தான். அதைத் தொடாதே என்று சொல்லியிருந்தான், அவளும் தொட்டதில்லை. அன்று அவனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"வெளியேர்ந்து யாரும் உள்ள வந்திருக்க முடியாதுக்கா," என்றான் விமல்ராஜ். "அத நான் அடைச்சிட்டேன். ஆனா உள்ளேர்ந்து வெளிய போறத நாம கேக்கறதே இல்ல. எது வேணா போலாம்."

"உள்ளேர்ந்து யாருடா போவப் போறாங்க?"

"அதத்தான் பாக்கணும். ஒக்காரு, சொல்றேன்."

கணினிகள் பேசுவதெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும், ஒவ்வொன்றின் மேலும் எந்தக் கணினியிலிருந்து, எந்த முகவரிக்கு, அங்கே எந்த வேலைக்கான வாசலுக்கு, அதாவது எந்த நம்பர் போர்ட்டுக்கு என்று எழுதியிருக்கும் என்று விளக்கினான். ஃபயர்வால் அதைப் படித்து, தன்னிடமுள்ள விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, விடலாமா தடுக்கலாமா என்று முடிவெடுக்கும். "விதிங்கள மேலேர்ந்து வரிசையா படிக்கும்கா. மொதல்ல எது பொருந்துதோ அதோட நின்னுரும். அதுக்குக் கீழ இன்னா எழுதியிருந்தாலும் பாக்காது." வெப்சைட் பார்க்க, அதன் வழியாகவே மெயில் படிக்க, எழுத, சாட்டிங் செய்யத் தேவையான போர்ட்டுகளை மட்டும் விட்டுவிட்டு, கடைசியில், மிச்சமிருக்கும் எதையும் தடுத்துத் திரையில் காட்டு என்று ஒரு விதி. அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அவள் அடித்தாள்.

போனை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கடையில் மூன்று பேர் இருந்தார்கள். மெயில் பார்த்தார்கள், சாட்டிங் செய்தார்கள், யாரும் குறை சொல்லவில்லை. தடுத்தது எதுவும் திரையில் வராமல் இருக்கவே, மூச்சு விட்டாள். அப்போது ஒரு வரி விழுந்தது. சற்று நேரம் கழித்து அதே போல் இன்னொன்று. ஐந்தாம் நம்பர் கணினியிலிருந்து, வெளிநாட்டில் ஏதோ ஒரு முகவரிக்கு, வெப்சைட் வழியாக இல்லாமல் நேரடியாக மெயில் அனுப்பும் இருபத்தைந்தாம் போர்ட்டுக்கு.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சுவரோரமாக இருந்த ஐந்தாம் நம்பர் முன்னால் யாருமே இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. ஆளில்லாமல் அது தானாகவே யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. ஆனெக்கே அம்மாள் தினமும் உட்காருவது அந்த நாற்காலியில்தான். யாரோ அதில் ஒரு புரோகிராமை ஒளித்துவைத்து, அவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும், பாஸ்வேர்டு உட்பட, இப்படித்தான் போயிருக்க வேண்டும். அருணாதேவி அடுத்த வரி விழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணினியை அணைக்கப் போவதற்குக்கூட எழுந்திருக்க முடியவில்லை.

மறுநாள் பௌர்ணமி. மத்தியானமே கிரிவலக் கூட்டம் ரோட்டில் நடக்கத் தொடங்கியிருந்தது. கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சக்கரவர்த்தி வந்தான். அவன் சில மாதமாக வருகிற ஆள், பக்கத்து லாட்ஜில் தங்கி ஏதோ ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லியிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு. மின்விசிறி கெட்டுப்போனபோது அவனே கழற்றிச் சரிசெய்து கொடுத்தவன். நேராக ஐந்தாம் நம்பரில் உட்கார்ந்து சிறிது நேரம் தட்டிப் பார்த்தான். பிறகு எழுந்து அவள் மேசைக்கு வந்து நின்றான்.

"அக்கா, ஃபயர்வால்ல இருபத்தஞ்ச அடைச்சிருக்கீங்களா?"

மெயில் வருகிறது, சாட்டிங் வருகிறது. அந்தப் போர்ட் அடைபட்டதால் கடையில் நின்றுபோனது ஒரே ஒன்றுதான், ஐந்தாம் நம்பர் தானாக அனுப்பிக்கொண்டிருந்த கடிதம். அதைத் தேடி வருகிறவன் யார் என்பது அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. புரிந்தது முகத்தில் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேடினாள்.

"தம்பி இன்னாவோ செஞ்சான். எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க," என்றாள்.

"என் வேலைக்கு அது வேணும்கா. தொறந்து வுடுங்க." அவன் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். குரல் உயரவே இல்லை. "எதுனா பிரச்சனைன்னா போலீஸ் உங்கக் கடையத்தான்கா கேப்பாங்க. கடை உங்க பேர்லதான இருக்குது."

ராமகிருஷ்ணன் தினமும் சொல்வதையேதான் இவனும் சொன்னான். அவள் டிராயரை மூடினாள். விசைப்பலகையை இழுத்து, முந்தின நாள் அடித்தது போலவே ஒரு விதியை அடித்தாள்: ஐந்தாம் நம்பரிலிருந்து இருபத்தைந்தை விடு. அடித்து முடித்த பிறகுதான் கவனித்தாள். அந்த வரி எல்லாவற்றுக்கும் கீழே போய் உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே, மிச்சத்தையெல்லாம் தடு என்ற விதி அப்படியே இருந்தது. படிப்பது அங்கேயே நின்றுவிடும், இந்த வரி வரைக்கும் வராது. திருத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். திருத்தவில்லை.

அவன் குனிந்து திரையைப் பார்த்தான். விடு என்று எழுதியிருந்த வரியை விரலால் தொட்டான். அதற்கு மேலேயும் கண்ணை ஓட்டத் தொடங்கினான். அந்த நேரம் பார்த்து இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அவன் எழுந்து, "தேங்க்ஸ்கா, சாயங்காலம் வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் வந்தால் எதுவும் போகவில்லை என்று தெரிந்துகொள்வான். அவள் ராமகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள். "போலீஸுக்குப் போவாத. நம்மளத்தான் உள்ள வெப்பாங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டுக் கடைய மூடு," என்றான் அவன். அழித்துவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் அந்த அம்மாள் நாளைக்கும் வந்து, நீ ஜாக்கிரதையாக இரு என்று சொல்வார். அதை எந்த முகத்தோடு கேட்பது?

வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடையைப் பூட்டினாள். பின் தெருவுக்குப் போய், ஆனெக்கே அம்மாளின் அறைக் கதவைத் தட்டி, என் கடையில்தான் நடந்தது என்று சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்து, "போகலாம்" என்றார்.

கிரிவலத்துக்காக ரோட்டில் ஆட்டோவை விடவில்லை. மலையைச் சுற்றிவரும் கூட்டம் முழுக்க எதிரே வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஊரை நோக்கி நடந்தார்கள். எதிர்ப்படும் ஒவ்வொரு இஸ்திரி போட்ட சட்டையும் அருணாதேவிக்குச் சக்கரவர்த்தியாகத் தெரிந்தது. ஸ்டேஷன் வாசல் வந்ததும் அருணாதேவி நின்றுவிட்டாள். அந்த அம்மாள்தான் கையை விடாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

ராமகிருஷ்ணன் பயந்தது போல் அவளை உள்ளே வைக்கவில்லை. நிறையக் கேள்வி கேட்டார்கள், சிலவற்றை மூன்று நான்கு தடவை கேட்டார்கள். ஐந்தாம் நம்பரையும் மேசைக்கடியில் இருந்ததையும் எடுத்துக்கொண்டு போனார்கள். லாட்ஜுக்கு ஆள் போனபோது அறை காலி. சக்கரவர்த்தி என்பது அவன் பெயரே இல்லை. ஆள் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை.

செய்தி பரவி, வெளிநாட்டுக்காரர்கள் வருவது கம்மியாயிற்று. அடுத்த வருஷம் அவளே கடையை மூடிவிட்டாள். ஒரு தனியார் கல்லூரியில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அங்கே யார் கேட்டாலும் எந்தப் போர்ட்டையும் உடனே திறந்துவிடமாட்டாள், எதற்கு என்று எழுதிக் கொடுக்கச் சொல்வாள். அதனால் சிடுமூஞ்சி என்று பெயர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் செங்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து, சக்கரவர்த்தியைப் போலவே மெதுவான குரலில், யாரோ யாரிடமோ மணி கேட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அது வேறு திசையில் போகிற போளூர் பஸ். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதற்கு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.