கூரை மேலிருந்து கேட்ட ராஜா கதை

ஆன்டெனா கட்டுகிற தொழிலில் ஒரு விசேஷம்: ஊருக்கெல்லாம் படம் காட்டுகிறவன் கூரை மேல் நிற்பான், படம் கீழே ஓடும். என்னைப் போல் ஏணி தூக்கியவர்களுக்கு இது தெரியும். உத்திரமேரூரில் ஒரு டிவி கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், பழைய சரித்திர நாவல் ஒன்றை வாரம் ஒரு சாயங்காலம் தொடராகக் காட்டினார்கள். படம் ஓடும்போதுதான் ஆன்டெனாவுக்குத் திசை பார்க்க முடியும். அதனால் சரியாக அந்த நேரத்துக்குத்தான் எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள். தாத்தா வாயால் ராஜா கதை கேட்டே வளர்ந்தவன் நான். ஒரு தரமாவது ராஜாவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

பதில் வரவில்லை

மாகறலில் முதல் வீடு. ஆன்டெனாக் குழாயைத் திருப்பிக்கொண்டே "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டேன். வழக்கமாகக் கீழேயிருந்து "புள்ளி புள்ளியா வருது", "இன்னுங் கொஞ்சம்" என்று ஏதாவது வரும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் குரல் சின்னது. காதில் விழவில்லை போலும் என்று இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

வீட்டுக்காரர் வேதாசலம் வாசலுக்கு ஓடி வந்தார். படம் தெளிவாக வந்ததில்தான் எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்களாம். "பதில் சொல்ற நெலமையிலயா ராஜா எங்கள வெச்சிருந்தாரு? பழையபடி திருப்பி, முடியற வரிக்கும் அப்படியே புடிச்சிக்கினு நில்லுப்பா."

தெற்குப் பக்கம்

அடுத்த வாரம் வேதாசலத்தின் மாமனார் வீடு, அதே தெரு. நான் வடகிழக்கே திருப்புவதை அவர் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னா தம்பி, ராஜா தஞ்சாவூர்ல கீறாரு, நீ மெட்ராஸ் பக்கம் காட்டிக்கினு கீற?" ஸ்டேஷன் மெட்ராஸில் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். ராஜா எங்கேயோ அங்கே திருப்பு என்று ஒரே பிடிவாதம்.

திருப்பினேன். திரை முழுக்கப் புள்ளி, இரைச்சல். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் அந்தப் புள்ளிகளையே கொஞ்ச நேரம் பார்த்தாராம். அப்புறம் வெளியே வந்து சொன்னார்: "அங்க இப்ப வெறும் மணலாத்தான் கீது போல. சரி, மெட்ராஸுக்கே திருப்பு."

வளர்ந்த ராஜா

காவாந்தண்டலம் முனுசாமி வீட்டில் ராஜா சுருங்கிவிட்டார் என்று புகார். நாலு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவில் சின்னதாகப் படம். போய்ப் பார்த்தேன், ஆன்டெனா மேல் தப்பில்லை. பம்புசெட்டுக்குக் கரண்ட் வருவதும் அதே நேரம்தான். வயல் மோட்டார்களெல்லாம் ஓடினால் வீட்டுக்கு வோல்டேஜ் எங்கிருந்து வரும்? கூரை மேலிருந்தபடியே சொன்னேன். முனுசாமி வரப்பில் இறங்கி நடந்தார். கதிர் வாங்குகிற பயிர், தண்ணீர் நிற்க வேண்டிய சமயம்.

முதலில் அவர் மோட்டார் நின்றது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வயலுடையது. அதற்கப்பால் இன்னொன்று. சத்தம் ஒவ்வொன்றாக அடங்க அடங்க, கீழே குழந்தைகள் "வளர்றாரு, வளர்றாரு" என்று முணுமுணுத்தார்கள். எனக்கும் பார்க்க ஆசை வந்தது. ஏணியைத் தேடி இறங்குவதற்குள் அன்றைய பாகம் முடிந்துவிட்டது. சேற்றுக் காலோடு திரும்பிய முனுசாமியிடம் பயிர் என்ன ஆகும் என்று கேட்டேன். "நெல்லு நாளிக்குக் குடிக்கும். நசுங்கிக்கினு நிக்கிற ராஜாவ எப்பிடிப்பா பாக்கறது?"

கோட்டைக் கதவு

கடைசி வாரம். எதிரிக்குக் கோட்டைக் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டது யார் என்று அன்றைக்குத்தான் தெரியும். கடையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். மத்தியானம் பெருநகரிலிருந்து ஆள் வந்தது: காற்றில் ஆன்டெனா சுற்றுகிறது, தெருவே அந்த ஒரு டிவியை நம்பியிருக்கிறது. போனேன். குழாயைப் பிடிக்கிற கிளாம்ப் உடைந்திருந்தது. வேறு வாங்கிவரப் பொழுதில்லை. கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டு மருமகள் அலமேலு அக்கா வாசற்படிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். உள்ளே போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து, ஒரு கண் உள்ளே, ஒரு கண் மேலே. "ராணி வராங்க தம்பி. கையில சாவி கீது. கோட்ட மதிலு பனமரத்தத் தாண்டிப் போவுது. மேல தீப்பந்தம், எண்ண முடியல." இருட்டிக்கொண்டு வந்தது. ஏரிக்கரைப் பனைகளுக்கு மேலே அந்த மதில் எழும்பியதை நான் பார்த்தேன். கதவைத் திறந்தது ராணியேதான் என்று அவள் சொன்னபோது, குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

இறங்கி வந்தபோது திரையில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க முடியாமல் போய்விட்டதே என்றேன். அலமேலு அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நீ பாக்காததே நல்லது தம்பி. பொட்டியில கோட்ட இத்தினியூண்டுதான் இருந்துச்சி."

இத்தனை ஊருக்கு ராஜாவைக் கொண்டுவந்து காட்டிய நான், அவருக்கு மீசை உண்டா இல்லையா என்பதை இன்றைக்கும் யாரையாவது கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.