நாம சாத்தும்போது

"உங்கப்பா செஞ்சிருப்பாராம்மா?"

காவல் நிலையத்தில் அந்தப் பெண் எஸ்.ஐ. என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல், வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லுவேன். இதற்கு மட்டும் வாய் வரவில்லை.

அப்பா ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அங்கே இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக், ஒரு காலையில் ஃப்ரீசர் அறைக்குள் இறந்து கிடந்தார். கதவு வெளியே தாழிட்டிருந்தது. முந்தைய நாள்தான் எல்லோருக்கும் கேட்கும்படி அப்பா அவரைப் பார்த்துக் கத்தியிருந்தார்: "இன்னொரு தடவ வண்டிக்குக் குறுக்க வந்தீங்க, உள்ள போட்டுப் பூட்டிருவேண்ணே!"

அப்பா அப்படித்தான் பேசுவார். என் செல்போனை எத்தனையோ முறை வாயாலேயே உடைத்திருக்கிறார். என் காலையும் முறித்திருக்கிறார். நான் நன்றாகத்தான் நடக்கிறேன். ஆனால் நிஜமாகவே ஒருவர் செத்துப்போன பிறகு, அந்த வார்த்தை வேறு மாதிரி கேட்டது.

"தெரியல" என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"தெரியல" என்று எஸ்.ஐ. அப்படியே திருப்பிச் சொன்னார். அதில் கேலி இல்லை. சில்லறையை வாங்கியவர் கையைத் திறந்து பார்த்துக்கொள்வதுபோல் இருந்தது.

அந்த நிலையத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'டேப் ரிக்கார்டர்'. போலீஸுக்கு வருவதற்கு முன் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் இருந்தாராம். நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு யார் யாரிடமோ திட்டு வாங்கியிருக்கிறார். "திட்டுறவங்க பொய் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு நேரம் இருக்காது" என்பார். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒரே மகள். "எங்கம்மாகிட்ட சும்மா ஒரு பேச்சு பேச முடியாதுக்கா. போன வாரம் சொன்னத நம்ம குரல்லயே திருப்பிச் சொல்லுவாங்க" என்று அவள் என்னிடம் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் பிற்பாடு அவர் வீட்டுக்கு நான் அடிக்கடி போனபோது தெரிந்துகொண்டது. "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்பார். "இல்ல மேடம்" என்பேன். அது உண்மைதான்.

நிலையத்தில் வாக்குமூலம் எழுதும் ரைட்டருக்கும் அவருக்கும் எப்போதும் சண்டை. அன்றும் நடந்தது.

"'நான் மேற்படி வாயிலில் பணியில் இருந்தபோது'ன்னு எந்த வாட்ச்மேன்யா பேசுவான்?"

"கோர்ட்டுக்குப் போறது மேடம். நல்ல தமிழ்ல இருக்க வேணாமா?"

"நல்ல தமிழ்லயே இருக்கட்டும்யா. ஆனா அது அவன் தமிழா இருக்கணும்."

சாட்சிகள் இரண்டே பேர். சூப்பர்வைசர், வாட்ச்மேன். கடைசியாக அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தியவர் அப்பாதான் என்று இருவரும் சொன்னார்கள். அப்பா சாத்தப் போவதைப் பார்த்துக்கொண்டே தான் கிளம்பிவிட்டதாக சூப்பர்வைசர் சொன்னார். தான் வாசல் கேட்டை விட்டு உள்ளே வரவே இல்லை, தூரத்தில் இருந்து பார்த்ததாக வாட்ச்மேன் சொன்னார். தான் கிளம்பும்போது கதவு திறந்துதான் இருந்தது, வழியில் பெட்ரோல் பங்கில் சைக்கிளுக்குக் காற்றடித்தேன் என்று அப்பா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மிரட்டினான், பூட்டினான், போனான். இன்னும் என்னம்மா வேணும்?" என்று பெரிய அதிகாரி அவசரப்பட்டார். மறுநாள் அப்பாவைச் சிறைக்கு அனுப்புவதாக இருந்தது. அதற்கு முன் கிடங்கை இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன் என்று எஸ்.ஐ. அனுமதி கேட்டு வாங்கினார்.

கதவருகே கிடந்த ஜாக்கெட் அப்பாவுடையதா என்று அடையாளம் சொல்ல அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். லாரிகள் நிற்கும் மேடையில் எங்களை நிறுத்தினார்கள். ஜாக்கெட்டைப் பார்த்து, அது அப்பாவுடையது இல்லை என்றாள் அம்மா. மெத்தை கனத்துக்கு இருந்த அந்தக் கதவைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை தரையில் வழிந்து வந்து என் காலைத் தொட்டது. நான் பின்வாங்கினேன். அப்பாவின் கையை ஒரு காவலர் பிடித்திருந்தார். அப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அங்கே வரவழைத்திருந்த சூப்பர்வைசரையும் வாட்ச்மேனையும் எஸ்.ஐ. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அப்பா போகும்போது உள்ளே விளக்கு எரிந்ததா, ஃபேன் ஓடியதா, சத்தம் ஏதாவது கேட்டதா. வாட்ச்மேன் ஃபேன் ஓடியது என்றார். பிறகு இல்லை என்றார். பிறகு சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தார். சூப்பர்வைசருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"என்னய்யா முழிக்கிற? நாம சாத்தும்போது ஃபேன் ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு!"

என் காதிலும் அது விழுந்தது. எனக்கு எதுவும் உறைக்கவில்லை. எஸ்.ஐ.யின் பேனா மட்டும் நின்றது.

"நாம சாத்தும்போது" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "யார் யாரு?"

"பொதுவா சொன்னேன் மேடம். கம்பெனி ஆளுங்கன்னு..."

"என்கிட்ட சொல்லியிருந்தா 'நாங்க'ன்னு வந்திருக்கும். காலையிலிருந்து என்கிட்ட 'நாங்க, நாங்க'ன்னுதான் பேசுறீங்க. இப்ப அவரப் பார்த்து 'நாம'ன்னீங்க. அவர் கூட இல்லாம 'நாம' எப்படி சார் வரும்?"

கூட வந்திருந்த ரைட்டர் தன் கையிலிருந்த சூப்பர்வைசரின் பழைய வாக்குமூலத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். 'கதவு சாத்தப்பட்டபோது' என்று அவர் எழுதியிருந்த இடத்தில் சாத்தியவர் யாருமே இல்லை.

வாட்ச்மேன் அப்படியே ஒரு காலி மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். எஸ்.ஐ. எங்களைத் தாண்டிப் போகும்போது, "சந்தோஷப்படாதீங்க. ஒரு வார்த்தைய வச்சு கேஸ் நிக்காது. எங்க தோண்டணும்னு மட்டும் சொல்லும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இருவரையும் வேறு வேறு வண்டியில் ஏற்றச் சொன்னார். ஒரு காவலரைப் பெட்ரோல் பங்குக்கு விரட்டினார். "ஓடுய்யா, அந்தக் கேமரா பழசெல்லாம் தானா அழிச்சிடும்!"

அன்று மாலை வரை நாங்கள் நிலையத்து வாசலில் நின்றோம். அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கேமரா பதிவு அழிந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

அழியவில்லை. அப்பா குனிந்து சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஃப்ரீசர் அறைச் சுவரில் வெப்பநிலையைக் கோடாக வரையும் ஒரு கருவி உண்டு. கதவு திறந்திருந்தால் கோடு ஏறும், சாத்தினால் இறங்கும். அப்பா பங்கில் நின்ற நேரத்தில் அந்தக் கோடு இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அதைக் காட்டியதும் வாட்ச்மேன் எல்லாவற்றையும் சொன்னார். உள்ளிருந்து கதவைத் திறக்கும் கைப்பிடி வெகுநாளாகக் கழன்று கிடந்தது. அதைச் சரிசெய்யத்தான் மெக்கானிக் உள்ளே போயிருக்கிறார். கடைசி லாரி போனதும் சூப்பர்வைசர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இருவருமாகக் கதவைத் தள்ளிச் சாத்தித் தாழிட்டிருக்கிறார்கள். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கவில்லை. ஃபேன் சத்தத்தில் அவர் தட்டியது கேட்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தபோதுதான் சூப்பர்வைசருக்கு அப்பா போட்ட சத்தம் ஞாபகம் வந்து, பழியை அவர் மேல் போட்டிருக்கிறார். இறந்தவர் கையில் ஸ்பேனர் இருந்தது. மெக்கானிக் கையில் ஸ்பேனர் இருக்காமல் என்ன இருக்கும் என்று அதுவரை எல்லோரும் விட்டுவிட்டிருந்தார்கள்.

"எங்கிட்ட யாராவது கேட்டிருந்தா நானே அந்தக் கைப்பிடி கழண்டு கெடக்குறத காட்டியிருப்பேன். அண்ணன் அத மாட்டத்தான் வந்தாரு" என்று அப்பா வெளியே வந்ததும் சொன்னார். பிறகு நடுத்தெருவில் நின்று அவருக்காக அழுதார்.

இப்போது அப்பா யாரையும் மிரட்டுவதில்லை. செல்போனைத் தூக்கிப் போட்டு உடைத்துவிடுவேன் என்று ஒரு தடவையாவது சொல்ல மாட்டாரா என்று இருக்கிறது.

எங்கள் தெருவில் இன்னும் அப்பா கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. 'ஃபோர்க்லிஃப்ட்காரன் ஆளை உள்ளே போட்டுப் பூட்டிட்டான்' என்ற செய்தி அன்றைக்கே எல்லோர் செல்போனுக்கும் போய்விட்டது. அவர் பூட்டவில்லை என்ற செய்தியை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. எஸ்.ஐ.யிடம் இதைச் சொன்னேன். "அது என் வேலையில வராதும்மா" என்றார். அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். அதனால் உங்களிடம் கேட்கிறேன். அந்த முதல் செய்தி உங்களுக்கும் வந்திருந்தால், யார் அனுப்பினார்களோ அவர்களுக்கு இதை அனுப்புங்கள். நீங்கள் யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களுக்கும்.