ஞானையன் நோட்டில் எழுதாமல் விட்டது

எதையும் திறந்து பார்க்காமல் விட ஞானையனுக்கு மனசு வராது. மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, சபை ஹார்மோனியத்துக்குள் சத்தம் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போய், அந்த ஞாயிற்றுக்கிழமை முழுச் சபையையும் சுருதி இல்லாமல் பாட வைத்தவன். உபதேசியார் பிரம்பை எடுத்தபோதும், "ஐயா, உள்ள பித்தளை நாக்கா வரிசையா இருக்கு, ஒண்ணொண்ணுக்கும் ஒரு சத்தம்" என்று சொல்லிக்கொண்டேதான் கையை நீட்டினானாம். அடி வாங்கியது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கழற்றிய ஒரு நாக்கைத் திரும்ப மாட்ட முடியவில்லையே என்பதுதான் வருத்தம்.

இப்படிப்பட்டவன் கையில்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கோட்டாற்றுக் கொப்பரை வியாபாரி தாணுமாலயன் பிள்ளை தன் புது லாரியைக் கொடுத்தார். புதிது என்றால் பிள்ளைக்குப் புதிது. திருவனந்தபுரத்தில் யாரோ ஓட்டிச் சலித்த வண்டி அது. தினமும் விடியுமுன் கோட்டாற்றிலிருந்து கிளம்பி, கடியப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளில் கொப்பரையும் தேங்காய்நார்த் தும்பும் ஏற்றிக்கொண்டு, பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

பிள்ளை மூன்று சட்டம் போட்டார். வண்டியில் மீன் ஏறக்கூடாது. அவர் சுத்த சைவம். டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் உட்காரக்கூடாது. பாட்டரியை ஒர்க்‌ஷாப் மேஸ்திரி யேசுரத்தினத்தைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. மூன்றாவது சட்டம் ஞானையனை மனதில் வைத்தே போட்டது. ஹார்மோனியக் கதை கோட்டாறு வரைக்கும் எட்டியிருந்தது.

அந்தக் காலத்து லாரியில் பாட்டரி முன்சீட்டில் உட்காருகிறவரின் காலடியில், தரைப்பலகைக்குக் கீழே ஒரு பெட்டியில் இருக்கும். காலால் ஒரு குமிழை மிதித்தால் பாட்டரி இன்ஜினைச் சுற்றிவிடும். பாட்டரி செத்துவிட்டால் முன்னால் போய் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். அது சில சமயம் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு ஒடிந்த டிரைவர்கள் அந்த வட்டாரத்திலேயே இரண்டு பேர் இருந்தார்கள்.

முதல் பாட்டரி ஐந்து மாதத்தில் செத்தது. பழசாக இருந்திருக்கும் என்றார்கள். பிள்ளை திருவனந்தபுரத்திலிருந்து புத்தம் புதிது தருவித்தார். அது ஏழு மாதம் தாங்கிவிட்டுச் செத்தது. இரண்டிலும் இருந்த மூன்று அறைகளில் நடு அறைதான் முதலில் போனது. ஞானையனுக்கு அது உறுத்தியது. பிள்ளைக்கு வேறொன்று உறுத்தியது.

"ஏலே ஞானையா, உள்ளதச் சொல்லு. நல்ல பாட்டரிய எவனுக்கோ குடுத்துட்டு, செத்தத மாட்டி வச்சிருக்கியா?"

"வேதபுத்தகத்து மேல சத்தியம் மொதலாளி. நான் அதத் திறந்தே பாக்கல்ல."

"நீ திறந்து பாக்கல்லன்னா எவம்லே நம்புவான்?" என்றார் பிள்ளை. மூன்றாவது பாட்டரியை மாட்டிய நாளில் முடிவாகச் சொல்லிவிட்டார். ஆறு மாதம் கழித்து, ஆனி மாதம் பிறந்ததும், அவரே லாரியில் ஏறிப் பார்ப்பார். மிதித்ததும் இன்ஜின் சுற்றாவிட்டால் ஞானையன் சாவியை வைத்துவிட்டுப் போகலாம்.

கள்ளன் என்ற பெயரோடு இறங்கினால், அந்தச் சீமையில் வேறு எந்த முதலாளியும் வண்டியைத் தரமாட்டார். ஞானையன் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினான். அவனைக் கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் பாதிதான். மீதிப் பாதி, அந்த நடு அறை ஏன் சாகிறது என்று தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நோட்டைப் போல ஒரு நோட்டை எந்த டிரைவரும் எழுதியிருக்க மாட்டான். ஒவ்வொரு நாளும் எத்தனை மைல், எவ்வளவு பாரம், விளக்கு எத்தனை நாழிகை எரிந்தது, மழையா வெயிலா, குழியில் எத்தனை தரம் விழுந்தது, குமிழை மிதித்ததும் இன்ஜின் எப்படிச் சுற்றியது என்று எல்லாம் எழுதினான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குச் சுமை ஏற்றிப் போன நாளில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்றுகூட எழுதினான். பாட்டரிக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று மேஸ்திரி யேசுரத்தினம் சிரித்தார். "சம்பந்தம் இல்லேன்னு ஒமக்குத் தெரியுமா?" என்று ஞானையன் கேட்டான். மேஸ்திரிக்கும் தெரியவில்லை.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டியபோது இரண்டாவது பாட்டரி நன்றாகவே ஓடியது அவனுக்கு நினைவிருந்தது. அதனால் நோட்டின் ஒரு பக்கத்தில், "மழை பாட்டரிக்கு நல்லதுபோல் தெரிகிறது" என்று எழுதிக் கீழே கோடும் போட்டான்.

இத்தனை எழுதியவன் ஒன்றே ஒன்றை மட்டும் எழுதவில்லை. அது பிரகாசி.

பிரகாசி கடியப்பட்டணத்தில் மீன் விற்கிறவள். ஐம்பது வயது இருக்கும். வலது காலில் யானைக்கால் வீக்கம். மற்றப் பெண்கள் மீன் நிறைந்த ஓலைக் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கோட்டாற்றுக்குப் போய்விடுவார்கள். இவள் போய்ச் சேரும்போது சந்தை முடிந்து மீனும் நொந்திருக்கும். லாரி வந்த முதல் மாதத்தில் ஒருநாள், சாலை பிரியும் மணவாளக்குறிச்சி விலக்கில் அவள் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்து ஞானையன் நிறுத்தினான். பின்னால் கொப்பரை மூட்டை கழுத்துவரை இருந்தது. முன்சீட்டில்தான் ஏற்ற முடிந்தது. அன்று தொடங்கியது தினமும் நடந்தது. கோட்டாறு எல்லைக்கு ஒரு பர்லாங்கு முன்னாலேயே அவளை இறக்கிவிடுவான். முதல் விற்பனை ஆகும்வரை கடவத்தைக் கண்ணை விட்டு அகற்றுவது அந்தப் பெண்களுக்கு வழக்கமில்லை. அதனால் அவள் அதைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் தரையில் வைத்து, கையால் பிடித்துக்கொள்வாள்.

நோட்டைப் பிள்ளை எந்த நாளும் வாங்கிப் பார்க்கலாம். அதில் பிரகாசியை எழுதுவது எப்படி?

வைகாசி நடுவில் மூன்றாவது பாட்டரியும் முனக ஆரம்பித்தது. அன்று தோப்பில் ஆட்கள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஞானையனுக்குப் பொறுமை போய்விட்டது. வேலை எப்படியும் போகப்போகிறது, பார்த்துவிட்டாவது போவோம் என்று முன்சீட்டுத் தரைப்பலகையைக் கழற்றினான்.

பாட்டரியின் மேல்பக்கம் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. அது எல்லாப் பாட்டரியிலும் வருவதுதான். மேஸ்திரி மாதம் ஒருமுறை துணியால் துடைத்துவிட்டு மறந்துவிடுவார். ஆனால் நடு அறையின் மூடி ஈரமாக இருந்தது. மழை பெய்து இருபது நாள் ஆகியிருந்தது. கழற்றிய பலகையின் அடிப்பக்கத்தைத் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு. மூடியின் ஓரத்தில் ஏதோ மினுங்கியது. நகத்தால் எடுத்து வெயிலில் பிடித்தான். மீன் செதிள்.

பிள்ளையின் சட்டப்படி மீனே ஏறாத லாரி அது. ஞானையன் அந்தச் செதிளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தான். பிறகு நோட்டை எடுத்து, மழையைப் பற்றிக் கோடு போட்டு வைத்திருந்த பக்கத்தைப் புரட்டினான். ஐப்பசியும் கார்த்திகையும் பாட்டரி நன்றாக ஓடியதற்கு மழை காரணமில்லை. அந்த இரண்டு மாதமும் பிரகாசி, மகள் பிரசவத்துக்காகக் குளச்சலில் இருந்தாள். கடவத்து மீனுக்குப் போட்ட உப்புத்தண்ணீர் தினமும் பலகை இடுக்கு வழியாக நடு அறையின் மேல் சொட்டியிருக்கிறது. மூடியில் இருக்கும் மூச்சுத்துளை வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இரண்டு பாட்டரியைக் கொன்றது அவனேதான்.

மறுநாள் பிரகாசியிடம் செதிளைக் காட்டிச் சொன்னான்.

"அதுக்கென்ன மக்கா, நான் நடந்து போறேன்" என்றாள் அவள். "எனக்க ஒருத்தியினால ஒனக்க சோத்துல மண்ணு விழவா?"

நாலு நாள் நடந்தாள். ஐந்தாம் நாள் காலையில், வள்ளம் பழுது பார்க்கும் தன் தம்பி மரியஜானைத் தோப்புக்கு அனுப்பிவிட்டாள். அவன் லாரியின் தரையைக் குனிந்து பார்த்து, "இது என்ன பெரிய காரியமா? கடலுக்கு ஒழுகாத பலகைய நாங்க செய்யல்லியா?" என்றான். இடுக்குகளில் தென்னந்தும்பைத் திணித்து உளியால் இறுக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசினான். பாட்டரி மூச்சுவிடப் பெட்டியின் பக்கங்களை அடைக்காமல் விடச் சொன்னான் ஞானையன். மேஸ்திரி யேசுரத்தினம் பழைய அமிலத்தைக் கொட்டிப் புது அமிலம் ஊற்றி இரண்டு நாள் சார்ஜ் ஏற்றினார். காரணத்தைக் கேட்டவர், சாந்தமாக, "ஆரு கேட்டாலும் எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

பிரகாசி மறுபடி முன்சீட்டில் ஏறினாள். பலகை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

ஆனி பிறந்தது. பிள்ளை விடியற்காலையிலேயே வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திக் குமிழை மிதிக்கச் சொன்னார். பன்னிரண்டு தரம் மிதித்தான்; பன்னிரண்டு தரமும் இன்ஜின் சட்டென்று பிடித்தது. கொப்பரை ஏற்றித் திரும்பும்போது பிள்ளையின் முகம் மலர்ந்திருந்தது. காலடியைப் பார்த்து, "இது என்னவே, தோணி மாதிரி?" என்று கேட்டார்.

"தண்ணி எறங்காம இருக்க, மொதலாளி."

"என்ன தண்ணி?"

"மழைத் தண்ணி."

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான். வேலை பிழைத்துவிட்டது. கள்ளன் என்ற பெயரும் போய்விட்டது.

மணவாளக்குறிச்சி விலக்கில் பிரகாசி நின்றாள். லாரியைக் கண்டதும் கையைத் தூக்கினாள். முன்சீட்டில் பிள்ளையைப் பார்த்ததும் தூக்கிய கையால் தலைமுடியை ஒதுக்குவதுபோலக் காட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். ஞானையன் அவளைத் தாண்டி ஓட்டினான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பர்லாங்கு போனதும் பிரேக்கை மிதித்து இன்ஜினை நிறுத்தினான்.

"மொதலாளி, மழைத் தண்ணி இல்ல. மீன் தண்ணி. அந்தா நடந்து வாறாவளே, ஒண்ணரை வருசமா அவியள இந்த சீட்டுலதான் ஏத்துகேன். ரெண்டு பாட்டரியும் செத்தது அதுனாலதான். இப்பம் இது பிழைச்சதும் அவியளுக்க தம்பி போட்ட குங்கிலியத்துனாலதான்."

சாவியை உருவி இருவருக்கும் நடுவில் சீட்டின்மேல் வைத்தான். பிள்ளை சாவியைத் தொடவில்லை. வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிரகாசி காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தாள். நின்ற லாரியை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போக நினைத்து, சாலையின் மறுபக்கத்துக்கு ஒதுங்கினாள். அவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் காலோட கோட்டாறு வரைக்கும் நடப்பாளா?"

"நடப்பாவ. நாலு நாளு நடந்தாவ."

பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

"அவளக் கேறச் சொல்லு. எனக்கு அந்த நாத்தம் ஆகாது. நான் பொறத்த இருந்து வாறேன்."

ஞானையன் போய்ச் சொன்னதும் பிரகாசி இரண்டடி பின்வாங்கினாள். "அய்யோ, மொதலாளி பொறத்த இருக்க, நான் முன்ன இருக்கதா?"

கொப்பரை மூட்டைகளின்மேல் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்துகொண்டிருந்த பிள்ளை அங்கிருந்தே கத்தினார்: "கேறுகியா இல்லியா? வெயில் ஏறுகு. எனக்கு மண்டியத் திறக்கணும்."

அன்று லாரி எல்லைக்கு முன்னால் எங்கேயும் நிற்கவில்லை. நேரே கோட்டாற்றுச் சந்தைக்குள் போனது. முன்சீட்டிலிருந்து ஒரு மீன்காரி கடவத்தோடு இறங்கினாள். மூட்டைகளின் உச்சியிலிருந்து தாணுமாலயன் பிள்ளை, தலையெல்லாம் தும்புத் தூசியோடு இறங்கினார். மண்டிக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

மறுநாள் விடியுமுன் லாரியை எடுத்தபோது சாவி ஞானையன் கையில்தான் இருந்தது. பிள்ளை முன்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. திரும்பும் வழியில் பிரகாசி விலக்கில் நின்றாள். யாராவது பார்க்கிறார்களா என்று முன்னும் பின்னும் பார்க்காமல் அவன் லாரியை நிறுத்தினான்.