அண்ணை இடித்த புகைபோக்கி

பியர்பொன்ட்ஸ் என்ற ஊரில் அண்ணை வாங்கியது ஒரு பழைய பண்ணை வீடு. இங்கிலாந்திலிருந்து வந்த விவசாயக் குடும்பம் ஒன்று கட்டியதாம். ஒரு வரிசைச் செங்கல் நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில் என்று மாறிமாறி அடுக்கிய, ஓரடித் தடிப்புள்ள சுவர்கள். சமையலறையில் ஆள் நிற்கக்கூடிய அகலத்தில் ஓர் அடுப்பு மாடம். மேல்மாடியையும் கூரையையும் துளைத்துப் போகும் புகைபோக்கி முழுவதும் அந்த மாடத்தின் வளைவில்தான் உட்கார்ந்திருந்தது.

நான் இங்கே பல வருடங்களாகக் கொத்து வேலை செய்கிறவன். அண்ணை லொறி ஓட்டுகிறவர். சமையலறையைப் பெரிதாக்க மாடத்தை இடிக்கவேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்.

"மேலயிருந்து கழட்டிக்கொண்டு வருவம், அண்ணை. பாரம் முழுக்க இதிலதான் நிக்குது," என்றேன்.

"எனக்குப் பாடம் எடுக்காதை. உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதே நான்."

"அதுக்காக உயிரை விடச் சொல்லுறியளே?"

கன்னத்தில் அறைந்தார். நாற்பத்தெட்டு வயதில், அண்ணிக்கு முன்னால் வாங்கிய அறை. நான் அவர் வாயில் குத்தினேன். உதடு கிழிந்தது. இரத்தத்தைத் துப்பிவிட்டுச் சம்மட்டியைத் தூக்கினார். என்னை அடிக்கிறார் என்று நினைத்துக் கையால் தலையை மூடினேன். அவர் மாடத்தை அடித்தார். என்னைத் திட்டித் திட்டி அடித்தார். நாலாவது அடியில் வளைவின் நடுக்கல் தெறித்தது.

மேலே அரைபடுகிற சத்தம் கேட்டது. அண்ணியை இழுத்து முற்றத்தில் தள்ளினேன். திரும்பிப் பார்க்கையில் புகைபோக்கி சமையலறையின் மேல்தட்டை உடைத்துக்கொண்டு இறங்கியது. கரிப் புழுதிக்குள் அண்ணை இடுப்பளவு புதைந்து கிடந்தார். வெறுங்கையால் கல்லை வாரினேன். இரண்டு நகங்கள் பிடுங்குப்பட்டன.

"தொடாதை, போடா!" என்று கத்தி, என் முகத்தில் குத்திக்கொண்டிருந்தார். குத்து வாங்கிக்கொண்டே வாரினேன்.

ஆஸ்பத்திரியில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள்.

அந்தக் கோடை முழுவதும் அதே கற்களைச் சுரண்டித் துப்புரவாக்கி, புகைபோக்கியைத் திரும்பக் கட்டினேன். அண்ணை சக்கர நாற்காலியில் இருந்து பார்ப்பார், கதைக்கமாட்டார். ஒருநாள், "அந்த வரிசை சரிஞ்சிருக்கு," என்றார். உண்மைதான். பிரித்துக் கட்டினேன்.

அன்று மாலை, அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"பேந்து கதைப்பம்," என்றார்.

அதைப்பற்றி இன்னும் கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சாப்பிடப் போகிறேன்.